காற்று எந்தப் பக்கம்

மூன்று மாதமாகக் கத்தியது.
காலையில் பட்டனை அமுக்கினால்
மீன்பாடி வண்டி மேம்பாலம் ஏறுகிற சத்தம்.
கேபினட்டின் இடுப்பில் இரண்டு தட்டு தட்டுவேன்,
கொஞ்சம் அடங்கும்.
வருமானச் சான்றிதழுக்கு வந்த பையன் கேட்டான்:
"இன்னாக்கா, உள்ள மாவு மில்லு வச்சிகிறியா?"

தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன்.
பதினோரு நாள் நல்ல பேர் எடுத்தது.
பன்னிரண்டாம் நாள்
அதே குரல், இன்னும் கொஞ்சம் கோபம்.

பேட்டரிக் கடை குத்புதீன் சொன்னான்:
"பவர் சப்ளை டப்பாவையே மாத்திடு பியூலா.
ஆயிரத்து இருநூறு ரூபா. உசுரு அதவிட ஜாஸ்தி."
அவன் சொன்னது சரி.
என் கல்லாவில் முந்நூற்றுப் பத்து இருந்தது,
அதுவும் சரி.
ஃபேன் மட்டும் நூற்று நாற்பது.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கி
ஒயரைச் சுவரிலிருந்தும் டப்பாவிலிருந்தும் பிடுங்கி
கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.
யாரும் ஞாபகமில்லாமல் செருகிவிடக் கூடாது,
நான் உட்பட.

பிடுங்கினால் போய்விடும் என்று நினைப்போம்.
போகாது.
உள்ளே கட்டைவிரல் பருமனில் இரண்டு கெப்பாசிட்டர்
சுவரில் வருவதைவிடக் கூடுதலாகவே
பிடித்து வைத்திருக்கும்.
இதற்கு ஓர் உவமை வாய்வரை வருகிறது.
சொல்ல மாட்டேன்.
அவர் மணலியில் சௌக்கியமாக இருக்கிறார்.

கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி போனது.
ஐம்பத்தெட்டு வேகன்.
இன்னொரு வண்டிக்கும் காத்திருந்தேன்.
பிறகுதான் நாலு திருகு.

மூடியைத் தூக்கினால்
எங்கள் ஏரியாவே அங்கே குடியிருந்தது.
துறைமுகக் கரி, கண்டெய்னர் லாரிப் புழுதி,
ஒரு பல்லி முட்டை ஓடு,
யாருடைய பாஸ்போர்ட் போட்டோவிலிருந்தோ
நான் நறுக்கிப் போட்ட வெள்ளை ஓரம்.

குத்புதீனின் மீட்டர்.
ஒரு முனை முதலை கிளிப்பில், மறுமுனை வலது கையில்,
இடது கை முதுகுக்குப் பின்னால்,
ஹெட்மாஸ்டர் நடக்கிற மாதிரி.
இருபத்தேழு வோல்ட்.
ஷட்டரைப் பூட்டிவிட்டு டீ குடித்து வந்தேன்.
ஒன்றரை.
அப்போதும் அந்த இரண்டின் மேல் விரல் படவில்லை.

பழைய ஃபேனின் ஒயரை நடுவில் வெட்டினேன்.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு,
முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து,
மேலே மூடுகிற குழாயை
முதலிலேயே கோக்க வேண்டும் என்பது
முடிந்த பிறகு ஞாபகம் வந்து
எல்லாவற்றையும் பிரித்தேன்.
என்ன திட்டினேன் என்பதை எழுத முடியாது.

மூடினேன். நாலு திருகு. பிளக்.

சத்தமே இல்லை.
தெருவில் யாரோ குடத்தை இறக்கி வைத்தது கேட்டது.
சந்தோஷத்தில் பின்பக்கம் ஒரு பில் தாளைப் பிடித்தேன்.
பறக்க வேண்டியது
கம்பி வலையில் போய் ஒட்டிக்கொண்டது.

திருப்பி மாட்டியிருக்கிறேன்.
சூட்டை வெளியே தள்ள வேண்டியது
தெருவை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.
ஃபேனின் விளிம்பில் அம்புக்குறி இருந்திருக்கிறது.
ஊராரின் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும்
கண்டுபிடிக்கிறவள் நான்.
அதைப் பார்க்கவில்லை.

மறுபடி பிளக், கைப்பை, ஜிப்.
மறுபடி கூட்ஸ் வண்டி.
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்
சீக்கிரம் வருவதில்லை.
முதல் தடவை தைரியமாகப் பிழைத்துவிட்டவர்கள்தான்
இரண்டாம் தடவை காத்திருக்க மாட்டார்கள்
என்று குத்புதீன் சொல்லியிருந்தான்.
இருட்டும் வரை
நகம் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
மறுபடி மீட்டர்.

திங்கள் காலை முதல் ஆள்
படியிலேயே நின்று காதைச் சாய்த்தார்.
"கரண்ட் இல்லியாம்மா?"
நான் பில் தாளை டப்பாவின் பின்னால் நீட்டினேன்.
அது வெளிப்பக்கமாக வாலாட்டியது.
"இருக்குது, உள்ள வாங்க.
ஆதார் எடுத்தாந்தீங்களா?"